கலாத்தியாவுக்கு எந்தத் தண்ணீர்? நெல்லை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நர்சரியில் பளபளவென்று இருந்த கலாத்தியா என்ற அழகு இலைச் செடி வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதமே ஓரம் கருகத் தொடங்கினால், நம் ஊரில் முதலில் வெயிலைத்தான் குறை சொல்வோம். ஜன்னலை விட்டுத் தள்ளி வைப்போம், உரம் போடுவோம், அப்புறம் மண்ணை மாற்றுவோம். தண்ணீரைப் பற்றி நினைப்பது கடைசியில்தான். திருநெல்வேலிப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். பல வீடுகளில் ஒரே சுவரில் இரண்டு குழாய் இருக்கும்: ஒன்றில் தாமிரபரணித் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். இரண்டும் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். மென்மையான செடிக்கு இரண்டும் ஒன்றல்ல.

காரணம் எளிது. நாம் ஊற்றும் தண்ணீரைச் செடி உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்கிவிடும். மண்ணின் மேற்பரப்பிலிருந்தும் கொஞ்சம் ஆவியாகும். கரைந்திருந்த உப்பு மட்டும் போக வழியில்லாமல் தொட்டிக்குள்ளேயே தங்கும். லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரை ஒரு சின்னத் தொட்டிக்கு மாதம் 2 லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடியில் வடிந்து போகாவிட்டால் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 10 கிராம் உப்பு சேர்ந்துவிடும், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல். அதே அளவு, 150 மில்லிகிராம் உள்ள ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் 2 கிராம்கூடச் சேராது. அதனால் ஒரு தண்ணீரைப் பார்த்து "இது சுத்தமானதா?" என்று கேட்பதைவிட, "இது காய்ந்தால் தொட்டியில் எதை விட்டுவிட்டுப் போகும்?" என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

1. எந்தச் செடிக்கு இந்தக் கவனம் தேவை?

எல்லாச் செடிக்கும் வேண்டாம். மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், இசட்.இசட். பிளான்ட், சோற்றுக்கற்றாழை இவையெல்லாம் சுமாரான போர் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நல்ல தண்ணீரைச் செலவழிக்க வேண்டியதில்லை.

கலாத்தியா, மராண்டா, பெரணி வகைகள், ஆர்கிட் ஆகியவை உப்புக்கும் கடினத் தண்ணீருக்கும் (கால்சியம், மெக்னீசியம் அதிகம் கரைந்த தண்ணீர்) சீக்கிரம் வாடும். டிரசீனாவும் ஸ்பைடர் பிளான்ட்டும் பார்ப்பதற்கு உறுதியானவை. ஆனால் ஃப்ளோரைடு அவற்றுக்கு ஆகாது, நுனி கருகும். பீஸ் லில்லியும் ஓரளவுக்கு அப்படித்தான். நெபந்தஸ், வீனஸ் ஃப்ளைட்ராப் போன்ற பூச்சி தின்னும் செடிகள் தனி ரகம். சத்தே இல்லாத சதுப்பு மண்ணில் வளர்ந்து பழகியவை என்பதால், மழைத் தண்ணீருக்கோ அதற்கு இணையான தண்ணீருக்கோ குறைந்த எதையும் அவை தாங்காது.

2. இலையையும் தொட்டியையும் படியுங்கள்

உப்பால் வரும் கருகல் பெரும்பாலும் முதிர்ந்த இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கும். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது வேறு சங்கதி. தண்ணீரிலுள்ள பைகார்பனேட் என்ற உப்பு மண்ணின் பி.எச். அளவை (அமில, காரத் தன்மையின் அளவு) ஏற்றிவிட்டதால், இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. இந்த நிலையில் இரும்புச் சத்து மருந்தை மட்டும் வாங்கித் தெளிப்பது பாதி வைத்தியம். தண்ணீரை மாற்றாவிட்டால் அடுத்த இலையும் மஞ்சளாகத்தான் வரும்.

இலைமேல் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்து கிடந்தால், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது சுண்ணாம்புப் படிவு. நோய் இல்லை.

மண் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காருகுறிச்சிப் பக்கம் செய்கிற சுட்ட மண் தொட்டியை நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். சுவரின் நுண்துளை வழியாக ஈரம் வெளியேறும்போது கூடவே வந்த உப்பு அது. அந்த அளவுக்காவது வேரை விட்டு விலகி நிற்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் தொட்டியில் இந்த அடையாளம் சுவரில் தெரியாது. மண்ணின் மேலேதான் வெள்ளையோ மஞ்சளோ ஆன ஒரு பொருக்கு படியும்.

கருகல் எல்லாமே தண்ணீரால் வருவதில்லை. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே இங்கே வரும் மேல்காற்று இலையை வறட்டிவிடும். அப்போது புது இலையும் சேர்ந்து சுருளும். தொட்டி சீக்கிரம் காயும், நீங்களும் அடிக்கடி ஊற்றுவீர்கள். அதனால் உப்பும் வேகமாக ஏறும். காற்றும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து படுத்தும் மாதங்கள் இவை.

3. வீட்டில் என்னென்ன தண்ணீர் இருக்கிறது என்று பாருங்கள்

ஆற்றுத் தண்ணீர். தாமிரபரணி பொதிகை மலையின் கடினப் பாறைகள்மேல் பிறந்து வருவதால் இயல்பிலேயே மென்மையானது. பாபநாசம் பக்கம் உப்பு மிகக் குறைவு. சமவெளியில் இறங்கி, வயல் வடிகாலும் ஊர்க் கழிவும் சேரச் சேர அளவு கூடும். கோடையில் ஓட்டம் குறையும்போது இன்னும் கொஞ்சம் ஏறும். ஆனாலும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என்று ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளுக்குப் பெரும்பாலான செடிகளுக்கு அதுவே போதும். ஒரு எச்சரிக்கை: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் கலந்து மேலே ஏற்றுவது சகஜம். குழாயில் வருவது எது என்று காவலாளியிடமோ மோட்டார் போடுபவரிடமோ கேட்டுவிடுவது நல்லது.

போர் தண்ணீர். இதற்குப் பொதுவிதி கிடையாது. தாழையூத்துச் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் பாறை உண்டு. அங்கே கடினத்தன்மையை எதிர்பார்க்கலாம். ராதாபுரம், திசையன்விளை தாண்டி உவரிக் கடற்கரை நோக்கிப் போனால் சவர்த் தண்ணீர் வரும் இடங்கள் உண்டு. அதே சமயம் ஆற்றங்கரையோ குளத்தங்கரையோ பக்கத்தில் இருந்தால் ஆழமில்லாத கிணற்றில் அருமையான தண்ணீர் கிடைக்கும். பக்கத்து வீட்டு போர் நன்றாக இருப்பதால் உங்களுடையதும் நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். அளந்து பாருங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரும் கேன் தண்ணீரும். உப்பு மிகக் குறைவு, மென்மையான செடிகளுக்கு ஏற்றது. கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. இயந்திரத்திலும் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பது உண்டு. பெரும்பாலான செடிகளுக்கு அது நல்லதே; பூச்சி தின்னும் செடிகளுக்கு மட்டும் அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பலரும் இதைத்தான் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டியில் விலக்கிய உப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது; மூலத் தண்ணீரைவிட இது செறிவானது. கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் இதைப் பயன்படுத்துங்கள். தொட்டிச் செடிக்கு வேண்டவே வேண்டாம்.

சாஃப்ட்னர் தண்ணீர். இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனென்றால் பெயரைக் கேட்டு நம்பிவிடுகிறோம். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. குழாயில் வெள்ளை படியாது, சோப்பு நன்றாக நுரைக்கும், துணிக்கும் ஹீட்டருக்கும் நல்லது. செடிக்கோ, சகித்துக்கொள்ளக்கூடிய கால்சியம் போய், மண்ணின் அமைப்பையே கெடுக்கும் சோடியம் வருகிறது. மொத்த உப்பு அளவும் குறைவதில்லை. சாஃப்ட்னர் உள்ள குடியிருப்பில், அதற்கு முன்னால் பிரியும் குழாய் எங்காவது இருக்கும். தோட்டக் குழாய் பெரும்பாலும் அப்படித்தான். அங்கிருந்து பிடியுங்கள்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து வடிவது என்பதால் உப்பு ஏறக்குறைய இல்லை. ஏ.சி. சுத்தமாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மருந்து அடித்துச் சர்வீஸ் செய்த பிறகு சில நாள் பிடிக்காதீர்கள். சத்து எதுவும் இல்லை என்பதால் கீழே ஆர்.ஓ. தண்ணீருக்குச் சொல்லும் விதியே இதற்கும்.

அரிசி கழுவிய தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும். வீட்டுக்குள் இருக்கும் சிறு தொட்டியில் மாவுச்சத்து புளித்து, வாடையும் சிறு ஈக்களும் வந்து சேரும்.

4. அளந்து பாருங்கள்

செலவே இல்லாத சோதனையிலிருந்து தொடங்கலாம். மூன்று எவர்சில்வர் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மேசைக்கரண்டி. தட்டட்டியில் வெயில் படும் இடத்தில் தூசி விழாமல் மெல்லிய துணியைக் கட்டி வையுங்கள். மதியத்துக்குள் காய்ந்துவிடும். கேன் தண்ணீர்த் தட்டில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு கறை இருக்கும். கடினமான போர் தண்ணீர்த் தட்டில் வெள்ளை வளையம் வட்டம் வட்டமாக நிற்கும், நகத்தால் சுரண்டலாம். தொட்டிக்குள் நடப்பதும் இதுவேதான். பருப்பு வேக நேரமாகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் பேச்சு வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீருக்கு அவை பழைய, நம்பகமான அடையாளங்கள்.

எண்ணாகத் தெரிய வேண்டுமானால் பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிவிடுங்கள், பயனுள்ள செலவு. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று தோராயமாகக் காட்டும். நான் வைத்துக்கொள்ளும் எல்லைகள் இவை:

பூச்சி தின்னும் செடிகள்: 50-க்குள்.
கலாத்தியா, மராண்டா, ஆர்கிட், மென்மையான பெரணிகள்: 150-க்குள்.
டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட், பீஸ் லில்லி: 250-க்குள்.
மற்ற வீட்டுச் செடிகள்: 500 வரை சமாளிக்கும், அவ்வப்போது தொட்டியைக் கழுவிவிட்டால்.

குடிதண்ணீருக்கான இந்தியத் தரநிலை 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. நமக்குக் குடிக்கத் தகுந்த தண்ணீர் கலாத்தியாவுக்கும் தகும் என்பதில்லை.

மீட்டருக்கும் ஒரு குறை உண்டு. எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், எது இருக்கிறது என்று சொல்லாது. கால்சியத்தால் வந்த 300-ம் சோடியத்தால் வந்த 300-ம் செடிக்கு ஒன்றல்ல. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் மீட்டரில் அது தெரியவே தெரியாது, டிரசீனாவின் நுனி மட்டும் கருகும். போர் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒரு முறை சோதித்துவிடுங்கள். கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு மூன்றையும் பாருங்கள். வீட்டில் குடிப்பவர்களுக்கும் அது உதவும்.

5. தண்ணீரைச் சரிசெய்யும் வழிகளில் எது உதவும், எது உதவாது

"ராத்திரி முழுக்க வாளியில வெச்சு காலையில ஊத்துங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்வார்கள். குளோரின் வாடை போக அது போதும். ஆனால் குழாய்த் தண்ணீரில் வழக்கமாக இருக்கும் குளோரின் பெரும்பாலான செடிகளுக்குப் பெரிய தொல்லை இல்லை. உப்பு, சுண்ணாம்பு, ஃப்ளோரைடு மூன்றும் எத்தனை இரவு வைத்தாலும் அப்படியே இருக்கும். திறந்து வைத்தால் ஆவியாகிக் கொஞ்சம் கூடவும் செய்யும்.

கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை சுண்ணாம்பாகப் பாத்திரத்தின் அடியில் படியும். ஆறவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால் ஓரளவு மென்மையாகும். சோடியமும் ஃப்ளோரைடும் போகாது. கேஸ் விலைக்கு இது கட்டுப்படியாகாத வேலை, ஒன்றிரண்டு செடிக்கு மட்டும் பார்க்கலாம்.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில துளி விடுவது பைகார்பனேட்டைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது. பி.எச். காகிதத்தில் பார்க்காமல் குத்துமதிப்பாக விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கலப்பதுதான் நல்ல வழி. கணக்கு எளிது. 900 உள்ள போர் தண்ணீர் 1 பங்கு, 40 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் 9 பங்கு: 900-ம் 360-ம் சேர்ந்து 1260, பத்தால் வகுத்தால் 126. கலாத்தியாவுக்குப் போதும். 250 உள்ள ஆற்றுத் தண்ணீரும் 20 உள்ள மழைத் தண்ணீரும் சரிபாதி என்றால் 135. வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றுவதைவிட இப்படிக் கலப்பதே நல்லது, ஏனென்றால் செடிக்குக் கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சம் தேவை. கலக்க நல்ல ஆற்றுத் தண்ணீர் இல்லை என்றால், அவை இரண்டும் உள்ள திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்காகக் கரைத்து ஊற்றுங்கள். பூச்சி தின்னும் செடிகளுக்கு மட்டும் கலப்பும் உரமும் கூடாது.

6. மழைத் தண்ணீரைச் சேமியுங்கள்

இருப்பதில் ஆகச் சிறந்தது மழைத் தண்ணீர்தான். இங்கே அது ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடிச் சாரலிலேயே வாய்ப்பு உண்டு. நெல்லை நகரம், வள்ளியூர், நாங்குநேரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடித்தால்தான் உண்டு.

எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பார்ப்போம். பத்து மென்மையான செடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவைக்கு 200 மில்லி, வாரம் இருமுறை என்றால் வாரத்துக்கு 4 லிட்டர். மழை ஓய்ந்து அடுத்த மழை வரும்வரை 40 வாரத்துக்கு 160 லிட்டர். தொட்டி கழுவுவதற்கும் சேர்த்து 200 லிட்டர் டிரம் இரண்டு இருந்தால் ஆண்டையே ஓட்டிவிடலாம். 100 சதுர அடித் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 93 லிட்டர் விழும். ஐப்பசியில் நல்ல அடைமழை ஒன்றே இரண்டு டிரம்மையும் நிரப்பிவிடும்.

2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் தட்டட்டியிலிருந்து குழிக்கு இறங்கும் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு டி (மூன்று வழிக் குழாய் இணைப்பு) போட்டு டிரம்முக்குத் திருப்பலாம். பருவத்தின் முதல் மழையை முழுவதுமாக விட்டுவிடுங்கள். தூசி, பறவை எச்சம், காய்ந்த இலை எல்லாம் அதில் வரும். அடுத்தடுத்த மழையிலும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் குழிக்கே போகட்டும். புதிதாகச் சிமென்ட் பூசிய தளம், சுண்ணாம்போ வெயிலுக்கான வெள்ளைப் பெயின்ட்டோ அப்போதுதான் அடித்த தளம் என்றால் அந்தப் பருவம் வேண்டாம். கொடியில் தார்ப்பாயைத் தொட்டில்போல் கட்டி நேராகப் பிடிப்பது அதைவிடச் சுத்தம்.

உணவுப் பொருள் வந்த டிரம்மையே வாங்குங்கள், ரசாயனம் வந்தது வேண்டாம். வெளிச்சம் புகாத நிறமாக இருந்தால் பாசி பிடிக்காது. இறுக்கமான மூடியும், குழாய் நுழையும் வாயில் கொசுவலையும் கட்டாயம். டெங்கு கொசு டிரம்மின் உட்சுவரில்தான் முட்டையிடும். காலியானதும் உள்சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்த மழைக்கு வையுங்கள்.

7. ஊற்றும் முறை

பங்குனி, சித்திரையில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். விடியற்காலையில் பிடித்து நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் தண்ணீரும் கூடாது. கையில் பட்டால் குளிரவும் சுடவும் செய்யாத தண்ணீர்தான் சரி.

கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றினால் உப்பு வெளியே போக வழியே இல்லை. மேல்மண் காய்ந்த பிறகு, அடியில் வடியும்வரை ஒரே தடவையாக ஊற்றி, தட்டில் நின்றதைக் கொட்டிவிடுங்கள். தட்டிலேயே விட்டால் மண் அதைத் திரும்ப உறிஞ்சும். பூச்சி தின்னும் செடிகளில் சதுப்பு வகைகளுக்கு மட்டும் தட்டில் மழைத் தண்ணீர் நிற்கலாம். அடியிலிருந்து திரி வழியாகத் தண்ணீர் ஏறும் தொட்டிகளில் உப்பு மேலே சேரும். அவற்றுக்கு அடுத்துச் சொல்லும் கழுவல் மற்றவற்றைவிட அவசியம்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கழுவிவிடுங்கள். மேலே வெள்ளைப் பொருக்கு இருந்தால் முதலில் அதைக் கரண்டியால் மெல்ல வழித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரைந்து வேருக்கே போகும். பிறகு 1 லிட்டர் தொட்டி என்றால் 2 முதல் 3 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக, நின்று நின்று ஊற்றுங்கள். மீட்டர் இருந்தால் அடியில் வடிவதை அளந்து பாருங்கள்; ஊற்றும் தண்ணீரின் அளவை நோக்கி எண் இறங்கி வரும். அதிகம் இறங்காத வரை நிறுத்த வேண்டாம். அந்தக் கழுவல்களில் ஒன்றை மேல்காற்று தொடங்குவதற்கு முன் வைகாசியிலும், இன்னொன்றைக் காற்று ஓய்ந்ததும் புரட்டாசியிலும் வைத்துக்கொண்டால் நம் ஊருக்குப் பொருந்தும்.

உரமும் உப்புதான். கருகும் செடிக்கு மேலும் உரம் போடாதீர்கள். டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட்டுக்கு சூப்பர் பாஸ்பேட் வேண்டாம், அதில் ஃப்ளோரைடு உண்டு. இலைமேல் தெளிப்பதற்கு மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ மட்டும்.

8. மாற்றிய பிறகு எதைப் பார்ப்பது?

கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. அசிங்கமாகத் தெரிந்தால் இலையின் வடிவத்தையொட்டிக் கத்தரித்துவிடலாம், பச்சையை வெட்டாமல் மெல்லிய பழுப்பு ஓரத்தை விட்டு வெட்டுங்கள். பழைய இலைகளை வைத்துத் தண்ணீரை எடை போடாதீர்கள். மாற்றிய பிறகு விரிகிற புது இலை இரண்டைப் பாருங்கள். அவை ஓரம் சுத்தமாக ஒரு மாதம் நின்றால் தண்ணீர் சரி. நல்ல தண்ணீர் ஊற்றியும், தொட்டியைக் கழுவியும், புது இலையும் கருகினால் தொட்டியிலிருந்து செடியை எடுத்து வேரைப் பாருங்கள். வேர் பழுப்பாகிக் குழைந்திருந்தால் ஈரம் அதிகம். வேர் வெள்ளையாக உறுதியாக இருந்தால் காற்றும் வெளிச்சமும்தான் அடுத்துப் பார்க்க வேண்டியவை. ஜன்னல் மேற்குப் பார்த்ததா என்று முதலில் கவனியுங்கள்.